ஜெபமும் கணக்குப் புத்தகமும்: விசுவாசத்தோடு தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு

"தொழில் தொடங்கப் போகிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் கட்டாயம் ஜெபிப்பேன். கூடவே, மாதம் எவ்வளவு செலவாகும் என்று எழுதிப் பார்த்தீர்களா என்றும் கேட்பேன். சிலருக்கு அந்த இடத்தில் முகம் சுருங்கிவிடும். கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு, ஆண்டவர் அழைத்தால் அவரே பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக இருக்கிறது. ஆனால் லூக்கா 14-ல், கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டது இயேசுதான். அவர் பேசியது சீஷத்துவத்தைப் பற்றி, சரி. ஆனாலும் அந்த உவமை எடுபட்டதற்குக் காரணம், அஸ்திபாரம் போட்டுவிட்டுக் கைவிரிக்கிற ஆளை ஊரே அறிந்திருந்ததுதான்.

கிறிஸ்தவ விசுவாசத்தோடு ஒரு சிறு தொழில் தொடங்குகிறவர் என்ன வரிசையில் யோசிக்கலாம் என்று எனக்குத் தெரிந்தவரை இங்கே சொல்கிறேன். பெயர்ப் பலகையில் வசனம் எழுதுவது, லோகோவில் மீன் அடையாளம் வைப்பது இதெல்லாம் இதில் வராது, அதற்கு அவசரமும் இல்லை. விலை, கூலி, கடன், வரி, ஓய்வு, கொடுத்தல் என்று பணம் கை மாறுகிற இடங்களில்தான் நம் விசுவாசம் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் அந்த இடங்களையெல்லாம் திட்டம் போடும்போதே எழுதி முடிவு செய்துவிட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. நெருக்கடி வந்தபின் கொள்கை தேடினால் கிடைக்காது.

முதல் வேலை: ஜெபிக்கிற காலத்திலேயே விவரம் சேர்ப்பது

இதற்கு, பாரசீக ராஜாவின் அரண்மனையில் வேலை செய்த நெகேமியாவை விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. எருசலேமின் அலங்கம் (நகர மதில்) இடிந்து கிடக்கிறது என்ற செய்தி கிஸ்லேயு மாதத்தில் அவருக்கு வருகிறது. ராஜாவிடம் வாய் திறப்பது நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம், உபவாசமும் ஜெபமும். ஆனால் ராஜா "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்ட நொடியில் அவர் கையில் எல்லாம் தயாராக இருந்தது. எத்தனை காலம் ஆகும் என்று சொல்கிறார், வழியில் உள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறார், மரம் கொடுக்கும்படி வனக் காவலர் ஆசாபுக்குத் தனியாக ஒரு கடிதம் கேட்கிறார். மரம் எங்கே கிடைக்கும், அதற்குப் பொறுப்பாளர் யார் என்பதெல்லாம் விசாரிக்காமல் தெரிந்திருக்காது. எருசலேமுக்குப் போன பிறகும் மூன்று நாள் பேசாமல் இருந்து, இரவில் சில பேரோடு இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்களிடம் திட்டத்தைச் சொல்கிறார். 52 நாளில் அலங்கம் எழும்பியதைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம், அதற்கு முன்னால் நடந்த இந்த ஆயத்தத்தைத்தான் வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

ஆகவே, ஜெபத்துக்கென்று ஒரு காலத்தை ஒதுக்குங்கள். அதே காலத்தில் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொருளை இப்போது யார் விற்கிறார்கள், வாங்குகிறவர்கள் எதில் அதிருப்தியாக இருக்கிறார்கள், மூலப்பொருள் எங்கே கிடைக்கிறது, என்ன உரிமம் வேண்டும், அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்து விசாரித்து எழுதுங்கள். இந்தத் தொழிலை ஏற்கெனவே செய்து நஷ்டப்பட்டு விட்டவர் ஒருவரையாவது தேடிப் பிடித்துப் பேசிவிடுங்கள், ஜெயித்தவர்களிடம் கிடைக்காத விவரம் அவரிடம் கிடைக்கும். ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் காரியம் உறுதிப்படும் என்கிறது நீதிமொழிகள் 15:22. போதகரிடம் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள், ஆனால் அவருக்குத் தெரிந்தது வேதமும் உங்கள் சுபாவமும்தான். சந்தையைப் பற்றிச் சந்தையில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும், அவர் விசுவாசியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கணவன் அல்லது மனைவி உடன்படாத தொழிலை எவ்வளவு பெரிய தரிசனமாகத் தோன்றினாலும் தள்ளிப் போடுங்கள்.

அழைப்பு என்ற வார்த்தையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வியாபாரம் உலகக் காரியம், ஊழியம் மட்டும்தான் தேவனுடைய வேலை என்ற பிரிவினையை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். வேதாகமத்தில் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று சொல்லப்படுகிற பெசலெயேல் ஒரு கைவினைஞன் (யாத்திராகமம் 31). பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரம் தைத்தார். பிலிப்பியில் அவர் பேச்சைக் கேட்டு விசுவாசித்த லீதியாள் தியத்தீரா ஊரைச் சேர்ந்த, இரத்தாம்பரம் (விலையுயர்ந்த ஊதாத் துணி) விற்கிறவள், பவுலுக்குத் தங்க இடம் கொடுத்தது அவளுடைய வீடு. அதே சமயம் ஆண்டவர் அழைத்தார் என்பதால் லாபம் வரும் என்று வேதம் எங்கும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. தாலந்து உவமையை அப்படி ஒரு வாக்குத்தத்தமாகப் பிரசங்கிப்பவர்களை நம்பி வீட்டை அடமானம் வைத்துவிடாதீர்கள்.

சின்ன அளவில் விற்றுப் பார்ப்பது, அதுவும் அந்நியர்களிடம்

நம்மவர்கள் சறுக்குகிற இடம் இது. சபையில் இருபது பேர் வாங்கிவிட்டார்கள், பிரமாதம் என்று பாராட்டிவிட்டார்கள், உடனே இருக்கிற வேலையை விட்டுவிடத் தோன்றும். சபையில் இருப்பவர்கள் உங்கள் மேல் இருக்கிற அன்பினால் வாங்குகிறார்கள். ஒருமுறை வாங்குவார்கள், மறுமுறையும் வாங்குவார்களா என்பது வேறு. உங்களை யாரென்றே தெரியாத பத்துப் பேர் சொந்தப் பணம் கொடுத்து வாங்கி, அதில் சிலர் திரும்பவும் வந்தால்தான் அதைத் தேவை என்று எடுத்துக்கொள்ளலாம். பவுல் போல இரவும் பகலும் ஒரு கைத்தொழிலைச் செய்துகொண்டே மற்றதைக் கவனிக்கிற வழி இருக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சம்பள வேலையில் இருந்துகொண்டே மாலை நேரத்தில் தொடங்குங்கள். ஆனால் அந்த முதலாளியின் நேரத்தையும் கணினியையும் வாடிக்கையாளர் பட்டியலையும் உங்கள் தொழிலுக்குப் பயன்படுத்தாதீர்கள், அது களவு.

இன்னொன்று, சபையின் வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் போடாதீர்கள். ஆராதனை முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விற்பனை பேசாதீர்கள். மறுக்க முடியாத நிலையில் ஒருவரை வைத்து விற்பது நல்ல விற்பனை கிடையாது, அதோடு அவர் அடுத்த வாரம் உங்களைக் கண்டால் வேறு வாசல் வழியாகப் போவார்.

கணக்கு: இதில் அவசரப்படாதீர்கள்

ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். சீருடை தைத்துக் கொடுக்கிற ஒரு சின்னத் தொழில். பணம் எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், எண்களை மட்டும் பாருங்கள். வாடகை, மின்சாரம், போன், காப்பீடு என்று விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் 300 போகிறது. ஒரு உடுப்பின் விலை 10. துணி, நூல், பொத்தான், அனுப்பும் செலவு சேர்த்து ஒன்றுக்கு 6. ஆக ஒரு உடுப்பில் கையில் நிற்பது 4. 300-ஐ 4-ஆல் வகுத்தால் 75. மாதம் 75 உடுப்பு விற்றால் நஷ்டம் இல்லை.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் சந்தோஷமாக நிறுத்திவிடுவார்கள். உங்கள் வீட்டுச் செலவுக்கு? அதற்கு மாதம் 200 வேண்டுமென்றால் நிலையான செலவு 500 ஆகிறது, 125 உடுப்பு விற்க வேண்டும். இப்போது ஓய்வுநாளைச் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை என்று முடிவெடுத்தால், மற்ற விடுமுறைகளும் போக மாதத்தில் சுமார் 25 வேலை நாள். ஒரு நாளைக்கு 5 உடுப்பு. ஒரே ஆளாக நாளுக்கு 5 தைத்து, அளவெடுத்து, கொண்டுபோய்க் கொடுத்து, கணக்கும் எழுத முடியுமா? முடியாது என்றால் விலையோ செலவோ திட்டமோ மாற வேண்டும். ஓய்வுநாளை இந்தக் கணக்குக்குள்ளேயே வைத்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். ஏழு நாளும் வேலை செய்தால்தான் கட்டுப்படியாகும் என்ற திட்டத்தைப் போட்டுவிட்டு, பிறகு மனவுறுதியால் ஓய்வெடுப்போம் என்றால் இரண்டாவது மாதமே அது போய்விடும்.

அடுத்தது, பணம் எப்போது வருகிறது என்பது. லாபத்தில் ஓடுகிற தொழிலும் கையில் ரொக்கம் இல்லாமல் நின்றுபோகும். அதே 125 உடுப்புக்குத் துணி முதலியவற்றுக்கு 750, மற்றவை 500, மாதம் 1250 செலவு. வாங்குகிற பள்ளி முதல் மாதச் சரக்குக்கு மூன்றாம் மாதக் கடைசியில்தான் பணம் தரும் என்றால், முதல் பைசா வருவதற்குள் 3750 உங்கள் கையிலிருந்து போயிருக்கும். தையல் இயந்திரத்தின் விலை அதற்கு மேல். பாதிப் பணம் முன்பணமாக வாங்க முடியுமா, துணிக்கடைக்காரர் தவணை தருவாரா என்று முன்கூட்டியே பேச வேண்டியது இதனால்தான். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஒப்புக்கொண்ட தேதியில் பணம் கேட்பது அன்புக்கு விரோதம் ஆகாது.

தசமபாகம் எதிலிருந்து கொடுப்பது என்று நிறையப் பேருக்குக் குழப்பம். மேலே சொன்ன கணக்கில் மாத விற்பனை 1250. விற்பனையில் பத்தில் ஒன்று என்று 125 எடுத்தால், லாபமே இல்லாத மாதத்தில் துணிக்கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைத்தான் காணிக்கைப் பெட்டியில் போடுகிறீர்கள். அது உங்கள் பணமே அல்ல. நீதிமொழிகள் 3:9 விளைவின் முதற்பலனைப் பற்றிப் பேசுகிறது. விதைத்ததும் செலவானதும் போக உங்களுக்கு வந்த 200-லிருந்து கொடுங்கள், தொழிலில் லாபம் நின்றால் அதிலிருந்தும் கொடுங்கள். எவ்வளவு என்பதில் சபைகளுக்குள்ளே வித்தியாசம் உண்டு, அதை உங்கள் மனச்சாட்சிக்கு விடுகிறேன்.

பணத்தோடு கொடுப்பதற்கு வேறு வழியும் இருக்கிறது. லேவியராகமம் 19-ல் வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறது. போவாசின் வயலில் ரூத் கதிர் பொறுக்கியது அந்தச் சட்டத்தின்படிதான். அங்கே எளியவர் கையேந்தவில்லை, வேலை செய்து எடுத்துக்கொண்டார். உங்கள் தொழிலில் ஓரம் எது? மீதித் துணியாக இருக்கலாம், வாரத்தில் ஒரு மதியம் இலவசமாகத் தையல் கற்றுத் தருவதாக இருக்கலாம், வேறு யாரும் வேலைக்கு எடுக்காத ஒருவருக்கு ஒதுக்கிய ஒரு இடமாக இருக்கலாம். அளவை முன்பே முடிவு செய்து எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்துத் தொழிலே காலியாகும்.

கடன்

கடனே கூடாது என்று வேதம் சொல்லவில்லை, ஏழைக்குக் கடன் கொடுக்கச் சொல்கிற கட்டளை உபாகமம் 15-ல் இருக்கிறது. ஆனால் "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்ற நீதிமொழிகள் 22:7 அனுபவத்தில் அப்படியே நடக்கிறது. என் பரிந்துரை, முதல் வருஷம் முடிந்தவரை கடன் இல்லாமல் சின்னதாக நடத்துங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால், தொழில் நின்றுபோனாலும் விற்று அடைக்கக்கூடிய பொருளுக்கு மட்டும் வாங்குங்கள். இயந்திரத்தை விற்கலாம், கொடுத்துவிட்ட வாடகையை விற்க முடியாது. குடியிருக்கிற வீட்டை ஈடு வைக்காதீர்கள், யாரையும் ஜாமீன் கையெழுத்துக்கு இழுக்காதீர்கள், நீங்களும் போடாதீர்கள். பிணைப்படுவதைப் பற்றி நீதிமொழிகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது, கொடுக்க இல்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்கள் என்கிற அளவுக்கு.

2 இராஜாக்கள் 4-ல் வருகிற விதவையின் கதையை அற்புதத்துக்காகவே வாசிக்கிறோம். எண்ணெய் பெருகிய பிறகு எலிசா சொன்ன வரிசையைக் கவனியுங்கள். எண்ணெயை விற்று, கடனை அடைத்து, மீதியில் நீயும் உன் பிள்ளைகளும் பிழையுங்கள். அற்புதமாக வந்த பணத்திலும் கடன்காரனுக்குத்தான் முதல் இடம்.

கூட்டாளியும் எழுத்தும்

"நாம் சகோதரர்கள்தானே, எழுத்து எதற்கு" என்ற வார்த்தையைக் கேட்டால் அங்கேயே நில்லுங்கள். எரேமியா 32-ல் தீர்க்கதரிசி தன் தகப்பனுடைய சகோதரன் மகனிடம் ஆனதோத்தில் நிலம் வாங்குகிறார். சொந்தக்காரன், கர்த்தர் முன்னறிவித்த கிரயம், இருந்தும் 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளைக் கையெழுத்திட வைத்து, முத்திரை போட்டது ஒன்று திறந்தது ஒன்று என்று இரண்டு பிரதியையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். கர்த்தருடைய வார்த்தையால் வாங்கிய நிலத்துக்கே இத்தனை ஏற்பாடு.

நீங்கள் எழுத வேண்டியது இவைதான்: யார் எவ்வளவு போட்டது, யார் என்ன வேலை செய்வது, யாருக்கு எவ்வளவு சம்பளம், லாபம் எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலக நினைத்தால் அவர் பங்கை எப்படி மதிப்பிட்டு எத்தனை மாதத்தில் கொடுப்பது, ஒருவர் இறந்துவிட்டால் என்ன. கடைசி இரண்டும் சங்கடமான பேச்சு, அதனால்தான் நல்ல உறவு இருக்கும்போதே பேசிவிட வேண்டும். அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதிருங்கள் என்ற 2 கொரிந்தியர் 6:14 வியாபாரக் கூட்டுக்கென்றே எழுதப்பட்டதல்ல, ஆனாலும் சம பங்குக் கூட்டாளிக்கு அதை ஒரு நல்ல எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வேன். ஏனென்றால் லஞ்சம், வரி, ஓய்வுநாள் பற்றி இருவருக்கும் இரண்டு கருத்து இருந்தால் யாராவது ஒருவர் தினமும் வளைய வேண்டியிருக்கும். அதற்காக விசுவாசி என்பதாலேயே ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துவிடாதீர்கள், வேலை தெரியுமா, முன்பு கடனை ஒழுங்காக அடைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

விலை, வாக்கு, வரி

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவைச் சேர்ந்த கடைக்காரர்கள் பேரத்தை விட்டுவிட்டு ஒரே விலை என்று வைத்தார்கள். விற்கிறவர் மனதில் வைத்திருக்கிற விலை ஒன்று, வாயில் சொல்கிற விலை இன்னொன்று என்றால் அது பொய் என்பது அவர்கள் எண்ணம், "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் வாடிக்கையாளர் விலகிப் போனார்கள். பிறகு, ஒரு சிறுபிள்ளையை அனுப்பினாலும் பெரியவருக்கு நடப்பதுபோலவே நடக்கும் என்று தெரிந்ததும் ஜனங்கள் அந்தக் கடைகளைத் தேடி வந்தார்கள் என்று அந்தக் குழுவைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் எழுதியிருக்கிறார். அவர்களிடம் இன்னொரு கண்டிப்பும் இருந்தது. கடனை அடைக்க முடியாமல் திவாலானவரைச் சபையிலிருந்தே நீக்கிவிடுவார்கள், சிறைச் சீர்திருத்தத்துக்குப் பேர்பெற்ற எலிசபெத் ஃப்ரையின் கணவருக்கு 1828-ல் வங்கி முறிந்தபோது அதுதான் நடந்தது. அந்தக் கண்டிப்பு எனக்கு அதிகமாகவே படுகிறது, ஆனால் அடுத்தவர் பணத்தை அவர்கள் எவ்வளவு பெரிய விஷயமாக நினைத்தார்கள் என்பது அதில் தெரிகிறது.

நடைமுறையில், சபையாருக்குத் தள்ளுபடி உண்டா, கடனுக்குக் கொடுப்பதா என்று முன்பே ஒரு விதி வைத்து எல்லாருக்கும் ஒரே மாதிரி நடத்துங்கள். தாமதமாகும் என்று தெரிந்த அன்றே வாடிக்கையாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அவர் கேட்கிறவரை காத்திருக்காதீர்கள். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, முதல் நாளிலிருந்தே. வாடிக்கையாளரிடம் விற்பனை வரி வசூலித்தால் அதை வேறொரு கணக்கில் போட்டுவிடுங்கள், அது அரசாங்கத்தின் பணம், உங்களிடம் சில வாரம் தங்குகிறது, அவ்வளவுதான். உரிமத்துக்கு லஞ்சம் கொடுக்கமாட்டேன் என்று முடிவெடுத்தால் அதனால் வரும் தாமதத்தையும் திட்டத்தில் சேருங்கள். திறப்பு விழா தேதியை அச்சடித்துவிட்டு உரிமத்துக்கு அலைகிற ஆளுக்குத்தான் கை நீள்கிறது.

ஆள் வைக்கும்போது

கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. ஆகவே முதல் ஆளை வைக்கும் முன் அவருடைய மூன்று மாதச் சம்பளம் தனியாக இருக்கட்டும். பணம் குறைந்த மாதத்தில் முதலில் நிற்க வேண்டியது உங்கள் சம்பளம். விசுவாசிதானே, ஊழியமாக நினைத்துக் கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கலாமே என்று ஒருபோதும் கேட்காதீர்கள், அது பக்தியின் பேரில் நடக்கிற சுரண்டல். காலையில் ஜெபம் வைத்தால் வராதவருக்கும் அதே மரியாதை, அதே வேலை, அதே சம்பள உயர்வு.

எப்போது நிறுத்துவது என்று இப்போதே எழுதுங்கள்

யாக்கோபு 4:13-15, நாளைக்கு இந்த ஊருக்குப் போய் வியாபாரம் செய்து சம்பாதிப்போம் என்று பேசுகிறவர்களைக் கண்டிக்கிறது. அதைத் திட்டமே போடக்கூடாது என்று வாசிக்கத் தேவையில்லை. "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று சொல்லிக்கொண்டே திட்டம் போடச் சொல்கிறது, அப்படியென்றால் அவருக்குச் சித்தமில்லாமலும் போகலாம் என்பதற்குத் திட்டத்தில் இடம் இருக்க வேண்டும். பவுல் பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், வழி அடைபட்டது, துரோவா வழியாக மக்கெதோனியாவுக்குப் போனார். லீதியாளைச் சந்தித்தது அந்தத் திசை மாறிய பயணத்தில்தான்.

உங்கள் தாளில் மூன்று எண்கள் இருக்கட்டும். சொந்தப் பணத்தில் அதிகபட்சம் எவ்வளவு போடலாம், எத்தனை மாதம் பார்க்கலாம், அந்த மாதங்களுக்குள் விற்பனை எந்த அளவைத் தொட வேண்டும். நம் உதாரணத்தில், ஆறாம் மாதம் 75 உடுப்பு, பன்னிரண்டாம் மாதம் 125 என்று வைக்கலாம். தொடவில்லை என்றால் கூடி உட்கார்ந்து ஜெபித்து மறுபரிசீலனை, மேலும் கடன் வாங்குவது கிடையாது. இதை நீங்களே வைத்துக்கொண்டால் மாற்றிவிடுவீர்கள். கணக்கு தெரிந்த, உங்களிடம் முகத்துக்கு நேரே பேசக்கூடிய ஒருவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவுசெலவைக் காட்டுங்கள்.

நிறுத்த வேண்டி வந்தால் கையில் காசு தீர்ந்த பிறகு நிறுத்தாதீர்கள், கடன் அடைக்கப் பணம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். முதலில் வேலையாட்களின் கூலி, பிறகு வாடிக்கையாளர் கொடுத்த முன்பணம், அப்புறம் சரக்குக் கொடுத்தவர்கள், வரி பாக்கி (எது முன்னால் என்று உங்கள் நாட்டுச் சட்டமே சொல்லியிருந்தால் அந்த வரிசையில்). ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து எந்தத் தேதியில் எவ்வளவு தருவேன் என்று சொல்லி, எழுதிக் கொடுத்து, அந்தத் தேதியில் போய்க் கொடுங்கள்.